ஹெர்ஷியில் கோக் மெஷின் தேடல்: 57 பெல் ஏருக்கு எது பொருந்தும்?

பெல்ஏர்57 (கொலம்பஸ், ஒஹாயோ)

வணக்கம். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போதுதான் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 1957 செவர்லே பெல் ஏர். நாலு கதவு, 283 எஞ்சின். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இங்கே பக்கத்தில் நடக்கும் சின்னச் சின்ன கார் ஷோக்களுக்கு எடுத்துப்போவேன். வருகிறவர்கள் ஒரு சுற்று வந்து, "எஞ்சின் ஒரிஜினலா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இரண்டு கார் தள்ளி ஒரு பெரியவர் ஃபோர்டு பிக்கப்பின் பின்கதவை இறக்கி, அதன்மேல் சிவப்புத் தகரத்தில் ஒரு கோக் பெட்டி வைத்திருப்பார். உள்ளே ஐஸ், பாட்டில்கள். பக்கத்தில் நாலு மடக்கு நாற்காலி. அங்கே மட்டும் கூட்டம் கலைவதே இல்லை. வண்டியில் பாதி பெயின்ட் கிடையாது, அதை யாரும் கண்டுகொள்வதும் இல்லை.

அக்டோபரில் பென்சில்வேனியா மாநிலம் ஹெர்ஷியில் நடக்கும் பழைய கார் விழாவுக்குப் போகிறேன். என் காருக்குப் பக்கத்தில் நிற்க, அதே காலத்துக் கோக் மெஷின் ஒன்று தேடலாம் என்றிருக்கிறேன். காசு போட்டால் பாட்டில் வரும் உயரமான ரகம் நல்லதா, மூடி திறந்து எடுக்கும் பெட்டி ரகம் நல்லதா? எதைப் பார்த்து வாங்க வேண்டும், எதைக் கண்டால் ஓட வேண்டும்?

ஓரமா_நிக்கறேன் (சிகாகோ)

முதலில் மெஷின். அப்புறம் அதற்குத் துணையாக ஒரு பெட்ரோல் பம்ப். அப்புறம் நியான் போர்டு. அப்புறம் கராஜ் போதவில்லை என்று புது வீடு. நிறைய பேரைப் பார்த்தாயிற்று தம்பி. நல்லபடியாக நடக்கட்டும்.

டிராய்_மாமா (மிச்சிகன்)

தம்பி, ஹெர்ஷியிலேயே தேடுவது நல்ல யோசனை. 1955-இல் இருந்து நடக்கிற கூட்டம். ஏஏசிஏ என்கிற பழைய கார் சங்கம் 1935-இல் தொடங்கியது, அவர்களுடைய இலையுதிர்கால விழா இது. கார்களைப் பார்க்க ஒரு நாள் போதும். பழைய சாமான் கடைகள் பரப்பியிருக்கும் மைதானங்களைச் சுற்ற எத்தனை நாள் இருந்தாலும் போதாது. சாக்லேட் மைதானம், பச்சை மைதானம், சிவப்பு, ஆரஞ்சு என்று பெயர் வைத்திருப்பார்கள். ஒரு காலத்தில் மழை பெய்தால் முழங்கால் வரை சேறு, இப்போது பெரும்பாலும் தார் போட்டுவிட்டார்கள். நல்ல ஷூ போதும்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். காரையும் குளிர்பெட்டியையும் இரண்டு தனி விஷயமாக நினைத்துக்கொண்டு கேட்கிறாய். எங்கள் ஊர்ப் பக்கம் அப்படிப் பிரிக்கவே முடியாது. தபால்பெட்டி மாதிரி மேலே வளைந்து, குட்டியாக ஒரு மெஷின் பார்த்திருப்பாய். ஜேக்கப்ஸ் 26. அதைச் செய்த எஃப்.எல். ஜேக்கப்ஸ் கம்பெனி டெட்ராய்டில் கார் பாகம் செய்து கொடுத்த கம்பெனிதான். ஃபெண்டருக்குத் தகடு அழுத்தத் தெரிந்தவனுக்குக் கோக் மெஷின் கதவு அழுத்தத் தெரியாதா?

இன்னும் கேள். நம் ஊர் வீடுகளில் ஒரு காலத்தில் கெல்வினேட்டர் பிரிட்ஜ் எவ்வளவு பிரபலம்! அந்தக் கெல்வினேட்டர் டெட்ராய்டுக் கம்பெனி. 1937-இல் நாஷ் கார் கம்பெனியோடு சேர்ந்து நாஷ்-கெல்வினேட்டர் ஆனது. கார் ஒரு பக்கம், பிரிட்ஜ் ஒரு பக்கம். 1954-இல் நாஷ் அம்பாசடரில் முழு ஏசியையும் முன்பக்கத்திலேயே அடக்கிக் காட்டினார்கள் என்றால், குளிரூட்டத் தெரிந்த கை அங்கே இருந்ததும் ஒரு காரணம்.

ஜெனரல் மோட்டார்ஸ் கதையும் அதேதான். 1919 முதல் 1979 வரை ஃப்ரிஜிடேர் அவர்களுடையது. குளிர்பெட்டிகளில் கந்தக டை ஆக்சைடு போன்ற விஷ வாயுக்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், அதற்கு மாற்றுத் தேடியவர்கள் ஜிஎம் ஆட்கள். தாமஸ் மிட்ஜ்லி குழு கண்டுபிடித்த ஃப்ரியான், 1930-இல் வெளியே வந்தது. அதே மனிதர்தான் பெட்ரோலில் ஈயம் கலந்தவரும். ஓசோன் ஓட்டையும் ஈயப் புகையும் ஒரே ஆளின் கணக்கில். அடுத்த ஷோவில் அறுபதுகளின் ஏசி வைத்த இம்பாலா கண்ணில் பட்டால் பானெட்டுக்குள் கம்ப்ரசரைப் பார். ஃப்ரிஜிடேர் என்று போட்டிருக்கும்.

எந்த மாடல் என்பதை அடுத்த பதிவில் எழுதுகிறேன், வீட்டில் கூப்பிடுகிறார்கள்.

கோவை_கியர் (கோயம்புத்தூர்)

மாமா, அருமை. எங்கள் ஊர் ஜி.டி. கார் மியூசியத்தில் பழைய கார்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கும் இந்தக் கிறுக்கு வரும். நம் பக்கம் பெட்டிக்கடைகளில் ஐஸ் கட்டியை உடைத்துப்போட்டு பொவொன்டோ பாட்டிலைப் புதைத்து வைப்பார்களே, அந்தப் பெட்டிகளை யாரும் சேர்த்து வைத்ததாகத் தெரியவில்லை. காளி மார்க் 1916-இல் தொடங்கிய கம்பெனி. அவ்வளவு பழசுக்கும் மிச்சம் இருப்பது பாட்டில்களும் போர்டுகளும்தான். சரி, இழை திசை மாற வேண்டாம், தொடருங்கள்.

டிராய்_மாமா

விட்ட இடத்தில் இருந்து.

கோக் மெஷின் செய்த வெண்டோ கம்பெனி, கன்சாஸ் சிட்டி, தொடக்கம் 1937. அவர்கள் மாடல் எண்ணே எத்தனை பாட்டில் விற்கும் என்பதைச் சொல்லிவிடும். வி-39, வி-44, வி-81. உன் காருக்கு நேர் ஜோடி என்றால் நான் வி-81 என்பேன். ஐம்பதுகளின் நடுவில் வந்தது. பின்னாளில் வந்தவற்றில் சிவப்பு உடம்பு, வெள்ளைத் தலை. உன் பெல் ஏரும் இரட்டை நிறம்தானே? அந்தக் காலத்தில் டோஸ்டர்வரை எல்லாமே இரட்டை நிறம். இடது பக்கம் ஒடுக்கமான சின்னக் கதவு, திறந்தால் பாட்டில் மூடிகள் வரிசையாக உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். காசு போட்டு, பிடித்ததை இழுத்துக்கொள்ளலாம். வேறு வேறு உயரப் பாட்டில்கள் போகும் என்பதால், சேர்ப்பவர்கள் மட்டுமல்ல, குடிப்பவர்களும் இதைத்தான் தேடுவார்கள்.

வி-44 அழகி. 16 அங்குல அகலம்தான். விலையும் அந்த அழகுக்கு ஏற்ற மாதிரி இருக்கும்.

படுக்கைப் பெட்டி ரகத்தில் இல்லினாய் மாநிலம் ப்ளூமிங்டனில் செய்த ஐடியல் ஸ்லைடர் உண்டு. பாட்டில் கழுத்தைத் தண்டவாளத்தில் மாட்டித் தொங்கவிட்டிருக்கும். வேண்டியதை நகர்த்தி நகர்த்தி வாசலுக்குக் கொண்டுவந்து, காசு போட்டால் பூட்டு விடும், மேலே உருவலாம். ஷோவுக்குக் கொண்டுபோனால் பிள்ளைகள் இதை விட்டு நகராது. சாட்டனூகாவின் கேவலியர் பெட்டிகளும் தரமானவை. அவர்கள் ஆதியில் மரச் சாமான் செய்தவர்கள். கோக்கைப் பாட்டிலில் அடைக்கும் உரிமையை 1899-இல் ஒரு டாலருக்கு வாங்கிப்போன இரண்டு வக்கீல்களும் அந்த ஊர்க்காரர்கள்தான்.

எல்லாவற்றுக்கும் முன்னோடி 1929-இல் இந்தியானா மாநிலம் மன்சியில் செய்த க்ளாஸ்காக் பெட்டி. பன்னிரண்டரை டாலர் விலை. நாலு காலில் தகரப் பெட்டி, உள்ளே ஐஸ், அடியில் பாட்டில் கிரேட் வைக்க இடம். உன் காருக்கு அது தாத்தா முறை, பொருந்தாது. ஃபோர்டு மாடல் ஏ வைத்திருப்பவர்களுக்கு விட்டுவிடு.

எடிசன்காரன் (நியூ ஜெர்சி)

நான் சொல்வது பலருக்குப் பிடிக்காது. ஷோவில் காருக்குப் பக்கத்தில் கோக் மெஷின், கண்ணாடியில் மாட்டிய டிரைவ்-இன் தட்டில் பிளாஸ்டிக் பர்கர், பம்பரில் முகத்தைப் புதைத்து அழும் பொம்மை... இதெல்லாம் நாடக செட். ஏஏசிஏ நடுவர்கள் 400 புள்ளிக்குக் காரை மட்டும்தான் பார்ப்பார்கள். பக்கத்தில் என்ன நின்றாலும் ஒரு புள்ளி ஏறாது. பெல்ஏர்57, அந்தக் காசில் உங்கள் கதவு ரப்பர்களை மாற்றுங்கள்.

வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் ரேமண்ட் லோவி வடிவமைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். ஸ்டுட்பேக்கர் அவந்தியும் அவர்தான், கோக் பாட்டிலும் அவர்தான்.

துருவும்_நானும் (பிட்ஸ்பர்க்)

எடிசன்காரன், கோக் பாட்டில் லோவி செய்தது இல்லை. 1915-இல் இந்தியானா மாநிலம் டெர்ரே ஹோட்டில் ரூட் கண்ணாடிக் கம்பெனியில் வரைந்தது. லோவி செய்தது 1947-இல் வந்த டோல் டெலக்ஸ், சோடாக் கடை மேசையில் வைக்கும் சிவப்புக் குழாய்ப் பெட்டி. படகு மோட்டாரைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். அதைத் தேடினால் நீங்கள் சொன்ன அவந்திக்குச் சரியான ஜோடிதான்.

அழுகிற பொம்மை விஷயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனால் மெஷின் அந்த வரிசையில் சேராது. அது வேலை செய்கிற பொருள். நான் ஷோவுக்குக் கொண்டுபோகிற வி-39 பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜாடி நிறைய ஐந்து சென்ட் நாணயம் வைப்பேன். வருகிற பிள்ளை ஒன்றை எடுத்துப் போடும். கைப்பிடியை இழுக்கும்போது உள்ளே உருளை திரும்பி "டொக்" என்று பாட்டில் விழும் சத்தம் இருக்கிறதே, அதற்குத் தாத்தாமார்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே தொடங்கும் பேச்சு "என் அப்பா வைத்திருந்த பெட்ரோல் பங்கில்..." என்று எங்கெங்கோ போகும். என்னிடம் இப்போது இருக்கும் 53 ஸ்டுட்பேக்கர் கூபே அப்படி ஒரு பேச்சில் கிடைத்ததுதான். விற்பனை விளம்பரம் எதிலும் அந்தக் கார் வந்ததே இல்லை.

ஐந்து சென்ட் சும்மா வைக்கவில்லை. கோக் விலை 1886-இல் தொடங்கி எழுபது வருடம்போல அதே ஐந்து சென்ட். ஏற்ற நினைத்தாலும், ஒற்றை நாணயம் விழுங்கும் மெஷின்களில் அடுத்த படி பத்து சென்ட், ஒரே அடியில் இரட்டிப்பு. அதனால் 1953-இல் கோக் கம்பெனி, ஏழரை சென்ட்டுக்கு ஒரு நாணயம் அடியுங்கள் என்று அரசாங்கத்திடமே கேட்டது. அரசாங்கம் அசையவில்லை.

தம்பி பெல்ஏர்57, வாங்கும்போது பார்க்க வேண்டியதை என் அனுபவத்தில் சொல்கிறேன்.

பாக்கெட்டில் ஒரு காந்தம், ஒரு டார்ச். கார் வாங்கும்போது காந்தத்தை எங்கெங்கே வைப்பீர்களோ அதே கதைதான். கதவின் கீழ் விளிம்பு, கால்களைச் சுற்றி, பின்பக்க மூலைகள். ஒட்டவில்லை என்றால் அடியில் தகடு இல்லை, பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள். அப்புறம் கதவில் புடைத்து நிற்கும் எழுத்துகளை விரல் நகத்தால் ஓரமாகத் தடவிப் பாருங்கள். கம்பெனியில் அழுத்திய எழுத்து ஓரம் கூர்மையாக நிற்கும். பட்டி வைத்துத் தேய்த்து நாலு கோட் பெயின்ட் அடித்த கதவில் அந்த ஓரம் மழுங்கி, எழுத்து சோப்புக் கட்டியில் பதித்தது மாதிரி இருக்கும். தூரத்தில் இருந்து பளபளவென்று தெரியும், கிட்டே போனால் உயிர் இருக்காது.

கதவைத் திறந்து தரையைப் பாருங்கள். குளிரில் வியர்க்கும் தண்ணீர் அங்கேதான் இறங்கும். வடிகால் அடைத்துக்கொண்டால் சுவருக்குள் அடைத்திருக்கும் பஞ்சு நனையும், வருடக்கணக்கில் ஈரம் நிற்கும், துரு உள்ளே இருந்து வெளியே வரும். வெளித் தகட்டில் கொப்புளம் தெரிகிறது என்றால் உள்ளே தகடே இல்லை என்று அர்த்தம். மூக்கையும் உள்ளே விட்டுப் பாருங்கள், பஞ்சு ஊறியிருந்தால் நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும்.

கையோடு ஒரு பாட்டில் கொண்டுபோங்கள். பழைய மெஷின்கள் ஆறரை அவுன்ஸ் பாட்டிலுக்குச் செய்தவை. இன்று கடையில் கிடைக்கும் 355 மில்லி மெக்சிகோ கோக் பாட்டில் பலவற்றில் போகாது. போட்டுப் பார்த்துவிட்டே விலை பேசுங்கள்.

முக்கியமாக, ஒரிஜினல் பெயின்ட் பாதியாவது இருந்தால் அதைத் தொடாதீர்கள்.

பெல்ஏர்57

அக்கா, கடைசி வரி புரியவில்லை. துருவும் கீறலுமாக இருப்பதை அப்படியே விடுவதா? கார் பளபளவென்று நிற்கும்போது பக்கத்தில் அப்படி ஒன்று அசிங்கமாக இருக்காதா?

துருவும்_நானும்

ஏஏசிஏ-யிலேயே ரெஸ்டோர் செய்யாத கார்களுக்கு எச்பிஓஎஃப் என்று தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். ஹெர்ஷியில் அந்த வரிசையில் நின்று பாருங்கள். நிறம் வெளுத்து, சீட் தையல் விட்டு, ஆனால் ஒரு ஸ்க்ரூ மாறாத கார்கள். புது பெயின்ட் எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம், கம்பெனி பெயின்ட்டை யாராலும் திரும்ப அடிக்க முடியாது. மெஷினுக்கும் அதேதான். நாணயம் போட்டுப் போட்டுத் துளையைச் சுற்றி சிவப்பு தேய்ந்து, கீழே ப்ரைமர் தெரிந்து, அதற்கும் கீழே தகடு தெரியும் வட்டம் ஒன்று இருக்கும். ஆயிரக்கணக்கான பேர் விரல் பட்டுத் தேய்ந்த இடம் அது. எந்த பெயின்ட்கடைக்காரர் அதைச் செய்து தருவார்?

உள்ளே மெக்கானிக்கல் வேலை எவ்வளவு வேண்டுமானாலும் செய்யுங்கள். வெளியே சோப்புத் தண்ணீர், மெழுகு, அவ்வளவுதான். அந்தக் காலத்து பெயின்ட்டில் ஈயம் இருக்கும், காய்ந்த நிலையில் தேய்ப்பதே கூடாது என்பது வேறு.

எடிசன்காரன்

அக்கா சொல்வதில் ஒரு சிக்கல். "ஒரிஜினல் பட்டினா", அதாவது காலத்தால் வந்த தேய்மானம், என்று சொல்லியே இப்போது குப்பையைத் தங்க விலைக்கு விற்கிறார்கள். போதாததற்கு, புது மெஷினில் வேண்டுமென்றே துரு ஏற்றிக் கொண்டுவருகிறவர்களும் உண்டு.

துருவும்_நானும்

உண்மை. அதனால்தான் துரு இருக்கும் இடத்தைப் பார்க்கச் சொல்கிறேன். கை படும் இடத்தில் தேய்மானம், தண்ணீர் நிற்கும் இடத்தில் துரு. கதவின் நட்டநடுவில் அழகாக ஒரு துருப் பட்டை இருந்தால், அது தானாக வந்தது இல்லை.

குளிர்பெட்டி (ஹூஸ்டன்)

ஏசி தொழில்தான் என் பிழைப்பு. யாரும் இன்னும் சொல்லாததால் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் மெஷின்களில் பொதுவாக ஆர்-12 வாயு, மாமா சொன்ன ஃப்ரியான்தான். அமெரிக்காவில் அதன் உற்பத்தி 1995 முடிவோடு நின்றுவிட்டது. கார் ஆட்கள் பலர் 609 சான்றிதழ் வைத்திருப்பார்கள், "என்னிடம் பழைய ஆர்-12 கேன் இருக்கிறது, நானே அடைத்துக்கொள்கிறேன்" என்பார்கள். 609 கார் ஏசிக்கு மட்டும்தான். மெஷினின் வாயுவைத் தொட 608 வேண்டும். காற்றில் திறந்துவிடுவது சட்டப்படி குற்றம், மறந்துவிடாதீர்கள்.

நல்ல செய்தி என்னவென்றால், வாயு கசியாமல் இருக்கும் மெஷினில் அதைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. மிச்சிகனில் பிறந்த டெகம்சே கம்ப்ரசர்கள் இன்றும் சத்தமில்லாமல் ஓடுவதைப் பார்க்கிறேன். செத்திருந்தால், பழையதைப் பத்திரமாகக் கழற்றி வைத்துவிட்டு ஆர்-134ஏ சின்ன கம்ப்ரசர் செட் ஒன்றைக் கீழே உட்காரவைக்கலாம். நாளைக்கு யாராவது ஒரிஜினலைத் திரும்ப மாட்ட ஆசைப்பட்டால் மாட்டிக்கொள்ளட்டும்.

அதைவிட ஆபத்து ஒயர். துணி சுற்றிய ஒயர், இரண்டு முள் பிளக், எர்த் கிடையாது. ஷோ நடப்பது பனி ஈரப் புல்லில். தொடுவது முழுக்கத் தகடு. முதல் வேலையாக மூன்று முள் ஒயர் போட்டு, உடம்புக்கு எர்த் கொடுங்கள். ஷோவில் ஜிஎஃப்சிஐ (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் கருவி) வைத்த எக்ஸ்டென்ஷனில் மட்டும் சொருகுங்கள். இரவே வீட்டில் குளிரவைத்துக் கொண்டுபோனால் காலை முழுக்கப் பாட்டில் சில்லென்று இருக்கும், கரண்டே வேண்டாம்.

விற்கிறவர் "நன்றாக ஓடும், இங்கே பிளக் பாயின்ட் இல்லை" என்பார். ஓடாது என்று வைத்துக்கொண்டே விலை பேசுங்கள்.

ஓரமா_நிக்கறேன்

கடைசி வரியைச் சட்டம் போட்டு மாட்டலாம்.

பெல்ஏர்57

ஹெர்ஷி போய்வந்தேன். இரண்டு நாள் நடந்து கால் வீங்கிவிட்டது.

வி-81 சில கண்ணில் பட்டன. ஒன்றில் காந்தம் கீழ் விளிம்பு முழுக்க வழுக்கிக்கொண்டே போனது, விற்பவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். இன்னொன்று சுத்தமானது, ஆனால் விலை என் காரின் பெயின்ட் வேலையைத் தாண்டியது. ஜேக்கப்ஸ் 26 ஒன்றை நேரில் பார்த்தேன். மாமா சொன்னது சரி, அந்த வளைவைப் பார்த்தால் கார் ஆள் செய்தது என்று தெரிகிறது. விலை கேட்கவில்லை, கேட்டால் வாங்கிவிடுவேன் என்று பயம்.

கடைசியில் வாங்கியது ஒரு கைப்பெட்டி. கன்சாஸ் மாநிலம் ஆர்கன்சாஸ் சிட்டியில் ஆக்டன் கம்பெனி செய்த பிக்னிக் கூலர். மேல் கைப்பிடி சரியாகப் பூட்டுகிறது, பக்கவாட்டில் பாட்டில் ஓப்பனர் அப்படியே இருக்கிறது, உள்தட்டும் இருக்கிறது. ஒரு மூலையில் நசுக்கம். அக்கா சொன்னபடி சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டேன். பின்சீட்டில் வைத்துக்கொண்டு வந்தாயிற்று.

எடிசன்காரன்

நல்ல வேலை. இதை மட்டும் நான் நாடக செட் என்று சொல்லமாட்டேன். அந்தக் காலத்தில் அந்த மாதிரிப் பெட்டி நிஜமாகவே அந்த மாதிரிக் காரின் டிக்கியில்தான் போயிருக்கும். உள்தட்டோடு கிடைப்பது அபூர்வம். முதலில் தொலைவது அதுதான்.

துருவும்_நானும்

அடுத்ததாகச் சுவரில் மாட்டும் ஸ்டார் எக்ஸ் ஓப்பனர் தேடுங்கள். நியூபோர்ட் நியூஸ் ஊரில் ப்ரவுன் கம்பெனி வார்த்தது, 1925 பேடன்ட் தேதி அதிலேயே இருக்கும். கராஜ் சுவரில் நன்றாக இருக்கும். புதிதாக வார்த்ததும் சந்தையில் நிறைய, வார்ப்பு சொரசொரப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

டிராய்_மாமா

தம்பி, ஒரு சேதி. எங்கள் பக்கம் கார் சங்கத்தில் ஒரு நண்பர், அப்பா வீட்டைக் காலி செய்கிறார். நிலவறையில் ஒரு வி-44 நிற்கிறதாம், ஒரிஜினல் பெயின்ட். கதவு பூட்டியிருக்கிறது, சாவி காணோம். டெட்ராய்டில் ஒரு பெட்ரோல் பங்கில் நின்ற மெஷினாம். போன ஆகஸ்டில் பழைய கார்கள் ஊர்வலமாகப் போகும் உட்வர்ட் ட்ரீம் க்ரூஸ் பார்க்க ரோட்டோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோது பேச்சோடு பேச்சாகச் சொன்னார், இப்போதுதான் நினைவு வந்து போன் செய்தேன். விளம்பரம் போடப் போவதில்லை, தெரிந்த கைக்குப் போனால் போதும் என்கிறார். விலை நியாயம்.

பெல்ஏர்57

மாமா!! எப்போது வரட்டும்? சாவி இல்லை என்றால் பூட்டைத் துளை போட்டுவிடலாமா?

குளிர்பெட்டி

போடக்கூடாது. கைப்பிடி வார்ப்பு எளிதில் உடையும், உடைந்தால் மாற்றுக்கு அலைய வேண்டும். பூட்டுக்காரர் ஒருவரைக் கூப்பிடுங்கள், பழைய பூட்டுகளைத் திறந்து சாவியும் செய்து தருவார்கள்.

படிக்கட்டில் ஏற்றும்போது கதவைப் பெல்ட்டால் இறுகக் கட்டுங்கள். வண்டியில் நிமிர்த்தியே நிறுத்துங்கள், படுக்கவைத்தால் கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள் போய்விடும். வேறு வழியில்லாமல் படுக்கவைத்திருந்தால் வீட்டில் நிமிர்த்தி ஒரு நாள் விட்டபிறகுதான் கரண்ட். ஒயர் மாற்றுவதற்கு முன்னால் அதுவும் வேண்டாம்.

டிராய்_மாமா

சனிக்கிழமை காலை வா. நிலவறைப் படி ஒடுக்கம், நடுவில் ஒரு திருப்பம் வேறு. கனத்த தள்ளுவண்டி என்னிடம் இருக்கிறது, கை போதாது. மெஷினை ஏற்றிவிட்டு எங்கள் வீட்டில் சாப்பாடு.

ஓரமா_நிக்கறேன்

மாமா, நான் சிகாகோவில் இருந்து வெள்ளி இரவே கிளம்பிவிடுகிறேன். சாப்பாட்டுக்கு இல்லை, தூக்குவதற்கு. சரி, சாப்பாட்டுக்கும்தான்.